கை கழுவச் சொன்னவர்

"காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டிச் சாவியைத் தருவார். முதல் நாள், நலம் விசாரிக்கிறார் என்று நினைத்து வரிசையாகச் சொன்னேன். வேர்க்கடலை என்றதும் டிக்கியைத் திறந்து சோப்பையும் தண்ணீர் பாட்டிலையும் நீட்டினார். "முழங்கை வரைக்கும் கழுவுங்க. வாயையும் கொப்பளிங்க. சும்மா நனைச்சுட்டு வந்தா திருப்பி அனுப்பிடுவேன்."

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். ஒடிசலான உடம்பு, குரல் மட்டும் லாரி ஹாரன். வண்டி பழகுகிறவர்கள் வைத்த பெயர் பிரேக் அக்கா. அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதிப்பதற்குள் திட்டி முடித்திருப்பார். "கண்ணாடி எதுக்கு வெச்சிருக்கு, தலை சீவவா?"

மாலையில் அதே காரில்தான் அவருடைய எட்டு வயது மகள் ஏறுவாள். வேர்க்கடலைத் துணுக்கு ஒன்று வாய்க்குள் போனால் போதும். அவளுக்கு உதடு வீங்கும், தொண்டை அடைக்கும், மூச்சு திணறும். இரண்டு முறை எமன் வாயிலிருந்து மீட்டிருக்கிறார்கள். பேனா போன்ற குழாயில் அடைத்த, உடனே தொடையில் குத்த வேண்டிய ஓர் ஊசி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

மகளின் பழைய பள்ளியில் அந்த ஊசியை அக்கா கொடுத்துவைத்தார். பத்திரமாக இருக்கட்டும் என்று அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். "தீயணைக்கிற வாளியைப் பூட்டி வெப்பீங்களா சார்?" என்று அன்றே கேட்டார். தலைமையாசிரியர் சிரித்தாராம். மதிய வேளையில் பிள்ளையைத் துடைப்பம் வைக்கும் அறை வாசலில் தனியாக உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் பொறுத்தார்.

ஒரு நாள் யாருக்கோ பிறந்தநாள் என்று வகுப்பில் கடலை பிஸ்கட் கொடுத்தார்கள். இவள் வேண்டாம் என்றாள். "ஒண்ணு தின்னா ஒண்ணும் ஆகாது. உங்கம்மா சும்மா பயமுறுத்தி வெச்சிருக்காங்க" என்று ஆசிரியை கையில் திணித்தார். பத்தே நிமிடத்தில் மூச்சு இழுக்கத் தொடங்கியது. அலமாரிச் சாவி கிளார்க்கிடம், கிளார்க் டீக்கடையில். அம்மா அப்போது இரண்டு தெரு தள்ளி ஒருவருக்கு ரிவர்ஸ் பழக்கிக்கொண்டிருந்தார். போன் வந்ததும் அந்த ஆளை நடுரோட்டில் இறக்கிவிட்டு வந்து, தன் பையில் வைத்திருந்த இன்னோர் ஊசியைத் தானே போட்டார்.

மறுவாரம் தலைமையாசிரியர் ஒரு தாளை நீட்டினார். இனி எது நடந்தாலும் பள்ளி பொறுப்பில்லை என்று கையெழுத்து வேண்டுமாம். "ஊருக்கெல்லாம் நான் கை கழுவச் சொல்றேன். நீங்க என் பொண்ணையே கை கழுவுறீங்களா?" என்று கேட்டுவிட்டு, பிள்ளையின் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

அடுத்து ஐந்து பள்ளிகள் ஏறி இறங்கினார். விண்ணப்பம் வாங்கும்வரை இடம் இருக்கும். ஊசி என்று சொன்னதும் இருக்காது. "வீட்டுலயே படிக்கட்டும், உயிராவது மிஞ்சும்" என்றார், டைல்ஸ் ஒட்டும் வேலை செய்யும் கணவர். எட்டு மாதம் அதையும் பார்த்தார். பிள்ளைக்குப் பெருக்கல் வாய்ப்பாடு வந்துவிட்டது, பேச்சு குறைந்துவிட்டது. ஒரு நாள் எனக்கு கியர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று வெடித்தார். "தப்பு பண்ணவங்க ஜம்முனு ஸ்கூல் நடத்துறாங்க. என் பொண்ணு நாலு சுவத்துக்குள்ள கெடக்கணுமா? நீங்க கிளட்சை மிதிங்க!"

ஆறாவது பள்ளி சின்னது. அதன் தலைமையாசிரியை தாள் எதையும் நீட்டவில்லை. "ஊசி வகுப்புலயே இருக்கட்டும். எங்க எல்லாருக்கும் போடக் கத்துக்கொடுங்கம்மா" என்றார்.

கற்றுக்கொடுக்கப் போன அன்று வண்டியை ஓட்டிப்போனவன் நான். பதினொரு ஆசிரியர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஊசி இல்லாத பயிற்சிக் குழாய் கைமாறியது. கடைசியில் இருந்த விளையாட்டு வாத்தியார் அதைத் தொடாமல் நெளிந்தார். "ஊசின்னா எனக்கு மயக்கம் வரும்மா. மத்தவங்க பாத்துக்குவாங்க."

அக்கா திட்டுவார் என்று காத்திருந்தேன். எழுந்து அவரிடம் போனார். வாத்தியாரின் கைக்குள் குழாயை வைத்து, விரல்களை மடக்கி, அந்த முஷ்டியைத் தன் தொடையில் ஓங்கிக் குத்தினார். அந்தக் கை பின்வாங்கப் பார்த்தது. மருந்து இறங்கும் கணக்கில் பத்து எண்ணி முடிக்கும்வரை விடவில்லை.