பச்சை வயர்

பிரேமகுமாரி டீச்சரைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் கண்டதில்லை. நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தில் அவர் வயர்மேன் பாடம் எடுத்தார். அடுத்த ஷெட்டில் நான் ஃபிட்டர் பாடம். பலகையில் வயர் நூல் பிடித்த மாதிரி ஓடாவிட்டால், "எலே, இது வயரா, மண்புழுவா?" என்று மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டு மறுபடி செய்யச் சொல்வார். பையன்கள் முணுமுணுத்துக்கொண்டே செய்வார்கள். ஆனால் அவரிடம் படித்தவனின் வேலை, பார்த்தாலே தெரியும்.

காரோடு ஊரைச் சேர்ந்த டிக்சன் அவருடைய செல்லப்பிள்ளை. மீன்பிடிக் குடும்பத்தில் கடலுக்குப் போகாத முதல் ஆள். தொண்ணூற்றாறில் படிப்பு முடிந்ததும் சொந்த வீட்டுக்கு அவனே வயரிங் செய்தான். ஐப்பசி மழையில், கிணற்று மோட்டாரைத் தொட்ட அவன் அம்மா ரீத்தா அந்த இடத்திலேயே செத்துப்போனாள். "பெத்த அம்மையக் கொன்னவன்" என்று ஊர் பேசியது. அவனும் அதையே நம்பி, சோறு தண்ணி இல்லாமல் கிடந்தான்.

ஏழாம் நாள் டீச்சரும் நானும் போனோம். "அங்க போய் ஒண்ணும் பேசண்டாம்" என்று எங்கள் நிலையத்து மேனேஜர் சொல்லித்தான் அனுப்பினார். டீச்சர் மெயினை அணைத்துவிட்டு மோட்டாரின் சுவிட்ச் பெட்டியைத் திறந்தார். கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் பச்சை எர்த் வயர் எதிலும் இணைக்கப்படவில்லை. முனையை மடக்கி, டேப் சுற்றி, ஓரமாக அழகாக ஒதுக்கியிருந்தான்.

டீச்சரின் ஷெட்டில் அந்த வயரை இணைக்க எர்த் குழியே கிடையாது. அவர் இரண்டு முறை எழுதிக் கேட்டும் மேனேஜர் தோண்டவில்லை. அதனால் பச்சை வயரை மடக்கி ஒதுக்குவதே வழக்கமானது; மடக்குக்கும் டீச்சர் மார்க் போட்டார். "வெளிய போனா இணைக்கணும் கேட்டியளா" என்று முதல் வருடங்களில் சொல்வார். பிறகு அதுவும் நின்றுபோனது. பரீட்சையில் எர்த் பற்றி எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். கைக்குப் பழகியதென்னவோ மடக்குவதுதான். எனக்கும் இது தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை, வெட்கக்கேடு.

பேசாமல் வந்துவிட்டால் டீச்சருக்கு வேலை மிஞ்சும், பையன் மிஞ்சமாட்டான். அவர் அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"மக்கா, நீ கொல்லல்ல. நான் படிப்பிச்சதாக்கும் பிழை. போலீசுலயும் போய்ச் சொல்லுவேன்."

டிக்சன் இல்லையென்று தலையாட்டினான். எழுந்து போய்ப் பெட்டிக்குள் பார்த்தான்.

"டீச்சர் படிப்பிச்சது சரியாக்கும். எனக்க மடக்குதான் கொஞ்சம் கோணிப்போச்சு. அது கொண்டாக்கும் அம்மை போனது."