பெயர் சொல்ல விரும்பாத அண்டை வீட்டுக்காரர்

பத்திரிகையில் பிழை கண்டுபிடிப்பது எனக்கு ஒரு வியாதி. புனேயில் வங்கி உத்தியோகம் பார்த்த காலத்தில் அது நன்றாக முற்றிப்போயிருந்தது. காலையில் காபியும் சிவப்பு மைப் பேனாவுமாக உட்காருவேன். மூளா நதியை முத்தா என்று போட்டுவிட்டால் போதும், அன்றைக்கே ஆசிரியருக்கு ஒரு கடிதம் போகும். பன்னிரண்டு வருடத்தில் மூன்று கடிதங்கள் பிரசுரமாயின. மூன்றையும் கத்தரித்து பீரோவில் வைத்திருந்தேன். "ஊரார் தப்பையெல்லாம் திருத்துங்க, கேஸ் சிலிண்டர் புக் பண்ண மட்டும் மறந்துடுங்க" என்பாள் மனைவி.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் சாங்வியில் ஒரு மூன்றுமாடிக் குடியிருப்பில் இருந்தோம். மொத்தம் பன்னிரண்டு வீடுகள். எங்களுக்கு நேர் கீழ்வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. கணவர் போசரியில் ஒரு தொழிற்சாலையில் டர்னர். அந்த அம்மாவுக்கு இந்தி காய்கறிக்காரனோடு மல்லுக்கட்டுகிற அளவுக்குத்தான் வரும். ஒரே பெண், ஒன்பது வயது. என்னை அந்த அம்மா அண்ணாச்சி என்று கூப்பிடுவாள். வங்கி, ரேஷன், பள்ளிக்கூட விண்ணப்பம், எதுவானாலும் அண்ணாச்சிதான். எனக்கும் அது பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

அந்த வருடம் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் திருச்செந்தூரில் பெண்ணுக்கு மொட்டை போட்டுக் கூட்டிவந்தார்கள். முந்தைய வருடம் டைபாய்டில் படுத்தவள் பிழைத்து எழுந்ததற்கான வேண்டுதல். நம் ஊரில் மொட்டைத் தலையோடு ஒரு பெண்பிள்ளை தெருவில் போனால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், மிஞ்சிப்போனால் எந்தக் கோவில் என்று கேட்பார்கள். புனேயில் அப்படியில்லை. ஜூன் நடுவில் பள்ளி திறந்ததும் பிள்ளை ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தாள்.

இரண்டாவது வாரம் ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு பி.டி. உடை, வெள்ளை பேன்ட்டும் வெள்ளைச் சட்டையும். மதியம் வரவேண்டியவள் வரவில்லை. பள்ளியில் விசாரித்தால், காலையிலேயே வகுப்புக்கு வரவில்லை என்றார்கள்.

மழையில் தெருத்தெருவாகத் தேடினோம். போலீஸ் சௌக்கிக்கு நான்தான் அவர்களைக் கூட்டிப்போனேன், எனக்கு மராத்தி பேசவரும் என்பதால். மாலை ஐந்து மணிக்கு, சௌக்கியில் கேள்விப்பட்டு ஒரு நிருபன் வந்தான். நான் வாங்குகிற அதே ஆங்கிலப் பத்திரிகையின் நகரப் பக்கத்துக்கு எழுதுகிறவன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். தொப்பலாக நனைந்திருந்தான், குறிப்பேட்டை மட்டும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் காப்பாற்றி வைத்திருந்தான்.

படம் கேட்டான். அந்த அம்மா உள்ளே போய் ஆல்பத்திலிருந்து ஒன்றை எடுத்துவந்தாள். முந்தைய வருடம் ஸ்டூடியோவில் எடுத்தது. பட்டுப்பாவாடை, நெற்றிச்சுட்டி, முழங்கால்வரை சவுரி வைத்துப் பின்னிப் பூத்தைத்த சடை. சடை தெரியவேண்டுமென்று பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி. காணாமல்போன பிள்ளையைத் தேடப் படம் கேட்டால், பிள்ளை இப்போது எப்படி இருக்கிறாள் என்று காட்டுகிற படத்தை நம்மவர்கள் தரமாட்டார்கள். இருப்பதிலேயே அழகான படத்தைத்தான் தருவார்கள். மொட்டைத் தலையோடு எடுத்த படம் வீட்டில் இல்லவும் இல்லை. "இதுதான் அம்சமா இருக்கு, இதையே குடும்மா" என்று சொன்னவன் நான். பிறகுதான் உறைத்து, தலை இப்போது மொட்டை, போட்டிருந்தது பேன்ட் என்று நிருபனிடம் சொன்னேன். தலையாட்டினான்.

கிளம்பும்போது அவன் படிக்கட்டில் என்னைத் தனியாகக் கேட்டான், வீட்டில் ஏதாவது பிரச்சினை உண்டா என்று. ஒரு பத்திரிகைக்காரன் என் அபிப்பிராயத்தைக் கேட்பது அதுதான் முதல் தடவை. பன்னிரண்டு வருடமாக நானே வலியப்போய்ச் சொல்லிக்கொண்டிருந்தவன். மண்டைக்குள் ஏதோ ஏறிவிட்டது. "அம்மா ரொம்பக் கடுமை. ரெண்டு நாளுக்கு முன்னாலகூடக் காலையில அடிக்கிற சத்தம் கேட்டது. பிள்ளை கதறிட்டு இருந்தது" என்று ஆங்கிலத்தில், இலக்கணம் பிசகாமல் சொன்னேன். என் பெயரைப் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை செய்தி வந்தது. தாயின் அடிக்குப் பயந்து ஓடினாளா சிறுமி என்று தலைப்பு. ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று அவர்களுக்கு நினைப்பு. நான் சிவப்பு மையை எடுத்தேன். வயது பன்னிரண்டாம். தகப்பன் காவலாளியாம். சொந்த ஊர் ஆந்திராவில் ஏதோ ஒன்றாம். வகுப்பு தப்பு, தெருப்பெயர் தப்பு, காணாமல்போன நேரமும் தப்பு. மொட்டையைப் பற்றியோ பேன்ட்டைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை, பூச்சடைப் படம் மட்டும் கால் பக்கத்துக்கு. ஏழு பிழைகள். நடுவில், பெயர் சொல்ல விரும்பாத அண்டை வீட்டுக்காரர் ஒருவர் சொன்னது என்று இரண்டு வரி. நான் சொன்னதை அப்படியே, ஒரு காற்புள்ளிகூட மாறாமல் போட்டிருந்தான். அந்த இரண்டு வரியில் மட்டும் என் பேனா ஒன்றும் செய்யவில்லை.

மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பெண்மணி இறங்கிவந்து, செய்தியை அந்த அம்மாவுக்கு இந்தியில் சொல்லிவிட்டாள். நான் கீழே போனபோது அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அண்ணாச்சி, நான் அடிச்சேன்னு யாரு சொன்னாவளாம்?"

"பேர் போடலைம்மா."

"வியாழக்கிழமை காலைல அவ குளியலறையில தாழ்ப்பா போட்டுக்கிட்டா, பள்ளிக்கொடம் போவமாட்டேன்னு. டக்லான்னா மொட்டையாம், டக்லா டக்லான்னு பிள்ளைங்க தொப்பிய பிடுங்கி எறியுதாம். நான் கதவத் தட்டினேன், கையாலயும் கரண்டியாலயும் தட்டினேன். அவ உள்ள இருந்து அழுதா. நான் வெளிய நின்னு அழுதேன். அவ மேல கை வைக்கல அண்ணாச்சி. டைபாய்டுல போயிருப்பா. முருகன் குடுத்த பிள்ள. அவளப் போயி அடிப்பனா?"

நான் கேட்டது கதவின் சத்தம். அன்றைக்கு இறங்கிப்போய் என்னம்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் பேப்பரில் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதாவது, சொன்னது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். "அந்தப் பத்திரிகைக்காரங்களே அப்படித்தான், வாய்க்கு வந்ததை எழுதுவாங்க" என்றேன்.

பிள்ளை திங்கட்கிழமை மாலை கிடைத்தாள். லோனாவ்லாவில். சனிக்கிழமை காலையில் லோக்கல் ரயிலில் ஏறிக் கடைசி ஸ்டேஷனில் இறங்கியிருக்கிறாள். ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிற ஒரு குடும்பம் இரண்டு நாள் சோறு போட்டு வைத்திருந்தது. பெயரைக் கேட்டால் வாயைத் திறக்கவில்லையாம். பக்கத்து டீக்கடைக்காரர் சனி மாலையே அவளைப் பார்த்தவர், ஞாயிறு பேப்பரையும் பார்த்தவர். பேப்பரில் இருந்தது சடைபோட்ட பெண், எதிரே இருந்தது பேன்ட் போட்ட மொட்டைப் பையன். அவர் என்ன செய்வார்? திங்கட்கிழமை ஸ்டேஷன் பக்கம் வந்த ஒரு போலீஸ்காரருக்குத்தான், நாங்கள் சௌக்கியில் சொல்லியிருந்த மொட்டையும் வெள்ளை பேன்ட்டும் நினைவுக்கு வந்திருக்கிறது.

கிடைத்துவிட்டாளே என்று ஓடினால், அங்கேதான் அடுத்த இடி. போலீஸ் அவளைப் பிள்ளைகள் காப்பகத்தில் சேர்த்திருந்தார்கள். காப்பகத்துக் கண்காணிப்பாளர் அம்மையாரின் மேஜைமேல் ஞாயிறு பேப்பரின் நறுக்கு. அடிக்கிற தாயிடம் குழந்தையை அனுப்ப முடியாது, புதன்கிழமை குழந்தைகள் நலக் குழு கூடி விசாரிக்கும், அதுவரை பார்க்கக்கூட விடமாட்டோம் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும் அந்த அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கணவர், நான்கு வருடத்தில் நான் அவர் குரல் உயர்ந்து கேட்டதில்லை, மனைவியைப் பார்த்து, "நான் ஷிப்டுக்குப் போன பொறவு அடிச்சியாடி? உள்ளதச் சொல்லு" என்றார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை.

அந்த அண்டை வீட்டுக்காரரைக் கூட்டிவாருங்கள், அவர் மறுத்துச் சொன்னால் சுலபமாகும் என்று கண்காணிப்பாளர் என்னிடம்தான் ஆங்கிலத்தில் சொன்னார். அவர் என்னிடம் சொன்னது அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. "என்ன சொல்லுதாவ அண்ணாச்சி?" என்றாள். "எழுதிக் கொடுக்கச் சொல்றாங்க" என்றேன்.

எழுதினேன். என் வாழ்க்கையிலேயே நான் எழுதிய நல்ல கடிதம் அதுதான். ஏழு பிழைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டி, வயதையே சரியாக எழுதத் தெரியாத செய்தியை நம்பி ஒரு தாயைத் தண்டிக்கலாமா என்று கேட்டேன். எட்டாவதாக, அண்டை வீட்டுக்காரர் சொன்னதாக வந்தது முழுக்க நிருபரின் கற்பனை, எங்கள் குடியிருப்பில் யாரும் அப்படிச் சொல்லவில்லை என்று முடித்தேன். கீழே என் பதவியையும் போட்டுக்கொண்டேன். பன்னிரண்டு வீட்டிலும் கையெழுத்து வாங்கினேன். பதினொரு பேர் உண்மைக்குத்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

மனைவி மட்டும் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "சனிக்கிழமை படியில அந்தப் பையன்கிட்ட ரொம்ப நேரம் பேசிட்டிருந்தீங்களே?"

"போட்டோ விஷயமா."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நகல் ஒன்றைப் பத்திரிகை ஆசிரியருக்கும் அனுப்பினேன். அதற்கு அவசியமே இல்லை. இருபது வருடம் வங்கியில் இருந்தவனுக்கு, கடிதத்தின் அடியில் நகல் யாருக்கு என்று எழுதாமல் கை நிற்காது.

புதன்கிழமை குழு என் கடிதத்தைப் படித்துவிட்டுப் பிள்ளையை அனுப்பிவிட்டது. தாய் அவளைத் தூக்கிக்கொண்டு, அந்த மொட்டைத் தலையில் முகத்தை வைத்துத் தேய்த்தாள். "ஏன்ட்டி போன?" என்று கேட்டதற்கு, "முடி வளந்த பொறவு வரலாம்னு நெனச்சேன்" என்றது குழந்தை. எல்லோரும் அழுதோம். நானும்தான். நான் அழுதது வேறு கணக்கு. வெள்ளிக்கிழமை பத்திரிகையில் வருத்தம் தெரிவித்து நான்கு வரி வந்தது. அந்த நறுக்கை நான் பீரோவில் வைக்கவில்லை.

ஞாயிறு காலை நிருபன் என் வீட்டுக்கு வந்தான். கதவைத் திறந்தபோது அவனுக்குப் பின்னால் கீழ்வீட்டு அம்மா, கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கலோடு படியேறி வந்துகொண்டிருந்தாள். வேண்டுதல் நிறைவேறியதற்கு முதல் கிண்ணம் அண்ணாச்சிக்காம்.

நிருபன் குறிப்பேட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினான். என் வீட்டு எண், நேரம், நான் சொன்ன இரண்டு வாக்கியங்கள். அதற்குக் கீழே மொட்டை, வெள்ளை பேன்ட், தொப்பி என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தான்.

"இதைக் கடைசிப் பத்தியில் எழுதிக் கொடுத்தேன் அங்கிள். விளம்பரம் வந்துவிட்டது என்று வெட்டிவிட்டார்கள். செய்தியை எப்போதும் அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். மேலே எழுதியிருக்க வேண்டும், அது என் தப்பு. வயது சௌக்கிப் பதிவில் அப்படித்தான் இருந்தது, சரிபார்க்காததும் என் தப்பு. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு வரியை நான் கற்பனை செய்யவில்லை. ஆசிரியர் என்னை வேலையை விட்டு நிறுத்தப்போகிறார். நீங்கள் ஒரு போன் செய்தால் போதும். உங்கள் பெயரை யாருக்கும் சொல்லமாட்டேன்."

ஆங்கிலத்தில்தான் பேசினான். மரியாதையாகப் பேசினான். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"யாரு அண்ணாச்சி இது?" என்றாள் அந்த அம்மா.

"பத்திரிகைக்காரன்."

அவள் முகம் மாறியது. நான் வாயைத் திறந்தேன். ஒரு போன். அதைச் செய்தால் பேச்சு காப்பகம்வரை போகுமோ, பிள்ளையைத் திரும்பக் கேட்பார்களோ என்று பயந்ததாக வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. நான் பயந்தது பக்கத்தில் கிண்ணத்தோடு நிற்கிறவளுக்குத்தான்.

"அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை" என்றேன் அவனிடம், ஆங்கிலத்தில், அவளுக்குப் புரியாதபடி.

அவன் அந்தப் பக்கத்தை இன்னும் விரித்தே பிடித்திருந்தான். அவளுக்கு ஆங்கிலம் புரியவில்லை, ஆனால் அவன் என்னை ஏதோ குற்றம் சொல்கிறான் என்பது புரிந்துவிட்டது. எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்று, காய்கறிக்காரனிடம் பேசுகிற அந்த இந்தியில் விரலை நீட்டிச் சொன்னாள், "ஏ பாய்சாப் ஜூட் நை போல்தா." இவர் பொய் சொல்லமாட்டார் என்று.

அவன் அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். பிறகு குறிப்பேட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மடித்துக்கொண்டு படியிறங்கிப் போனான். அதன்பிறகு நகரப் பக்கத்தில் அவன் பெயரை நான் பார்க்கவேயில்லை.

அவள் கிண்ணத்தை என் கையில் வைத்தாள். "நீங்க எழுதலேன்னா என் பிள்ள எனக்கில்ல. ஆறிப்போவும் அண்ணாச்சி, சாப்பிடுங்க" என்றாள். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் சாப்பிட்டேன்.