நாற்பது வயதுப் பச்சைப்பிள்ளை

மொழிபெயர்க்கப் போகிறவளுக்கு வாய் ஒன்று, எசமான்கள் இரண்டு பேர், இரண்டு பேருடைய கோபமும் விழுவது அவள் தலையில்தான். மாத்தளையில் இருந்துகொண்டு, சீகிரியாவுக்கு வருகிற வெளிநாட்டுக்காரருக்கு ஆங்கிலத்தையும் தமிழையும் சிங்களத்தையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பிழைக்கிறவள் நான். என்னைப் போல இரண்டு பேருக்கு நடுவில் நின்று இடிபடுகிற சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கல்லையும் குளத்தையும் விளக்குகிற வரைக்கும் இந்த வேலையில் தொல்லை இல்லை. மனுசரை மனுசருக்கு விளக்கப் போனால்தான் வயிறு எரியும்.

கொஞ்ச காலமாக வேறொரு வகை ஆட்கள் வருகிறார்கள். இங்கே பிறந்து, கைக்குழந்தையாக விமானத்தில் ஏற்றப்பட்டு, எங்கேயோ தத்துப்பிள்ளையாக வளர்ந்து, இப்போது பெற்றவளைத் தேடி வருகிறவர்கள். ஒல்லாந்திலிருந்து வந்த இங்க்ரிட் அப்படி ஒருத்தி. வயது நாற்பது. மரபணுப் பரிசோதனை எல்லாம் முடிந்து, இன்னார்தான் தாய் என்று உறுதியான பிறகு, தேடலை நடத்தியவர்கள் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

பிள்ளை பார்க்க வராத லயம்

இங்க்ரிட் வருமுன் தாய்க்காரியிடம் போய்ச் சொல்லிவிட்டு வா என்றார்கள். யட்டவத்தைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், வரிசையாய் ஒட்டிக் கட்டின தொழிலாளர் வீடுகளில் ஒன்றில், தனியாக இருக்கிறார் பார்வதி அக்கா. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே புருசனைப் பறிகொடுத்தவர். ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றுக் கிடந்தபோது வெள்ளைச் சேலை கட்டின ஒரு நோனா, பெரிய வீட்டு அம்மாள் மாதிரி, வந்து, பிள்ளை ரொம்ப மெலிவு, ஒரு ஹோமில் விட்டுத் தேற்றித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். சொன்ன இடத்துக்கு இவர் பிள்ளைத் துணியோடு போய் நின்றால் வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்த நோனா மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் மூன்று பாஷையிலும் கேட்டிருப்பேன்.

வெறுங்கையோடு திரும்பியவருக்கு லயம் வைத்த பேர் ‘பிள்ளைய வித்தவ’. முதலில் அந்த வாயைத் திறந்தது சுவரை ஒட்டின அடுத்த காம்பராவில் குடியிருக்கிற முத்துலட்சுமி. இன்றைக்கும் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது சண்டை வந்தால் அந்தப் பேர்தான் வெளியே வரும். பறித்தவள் நோனா, பறிகொடுத்தவள் விற்றவள், இது என்ன நியாயம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவின் மனத்தில் இருந்தது வேறு. லயத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் பேபி சோப்பும் பவுடரும் எடுத்துக்கொண்டு எல்லாரும் பார்க்கப் போவார்கள். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூடப் போவார்கள். அவருடைய பிள்ளைக்கு அது நடக்கவில்லை. பிளேன்டீயை என் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “என் பிள்ளையப் பாக்க ஒருத்தர்கூட வரல மிஸ். இப்பவாச்சும் வருவாங்களா?”

வெள்ளைக்காரி எங்கே?

இங்க்ரிட்டைக் கூட்டிவர சீகிரியாவில் அவள் தங்கியிருந்த விடுதிக்குப் போனேன். அவள் வாசலுக்கு வெளியே வெயிலில் நிற்கிறாள். முகம் சிவந்திருக்கிறது. நம் ஆட்களின் நிறம், நம் ஆட்களின் முடி. காலையில் நடந்துவிட்டு வந்தவளைப் புதிதாக வந்த காவல்காரன், வேலைக்கு வந்தவள் என்று நினைத்துப் பின்பக்க கேட் வழியாகப் போகச் சொல்லியிருக்கிறான். இவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னால், பெரிய இடத்து ஸ்டைல் காட்டுகிறாளாம். பிறந்த நாட்டில் முதல் மரியாதையைப் பார்த்தீர்களா?

உள்ளே போய் வரவேற்பு மேசையில் இருந்த பையனைப் பிடி பிடியென்று பிடித்தேன். ஒல்லாந்துக்கார நோனாவை இப்படியா வெளியே நிறுத்தி வைப்பீர்கள் என்று கேட்டேன். அவன் எட்டி வாசலைப் பார்த்தான், இங்க்ரிட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு சிங்களத்தில் வெகு பணிவாகச் சொன்னான்: “அங்க வெள்ளைக்காரங்க யாரும் இல்லையே மிஸ், ஒரு தோட்டத்துப் பொம்பளதான் நிக்கிறாங்க.”

அதிர்ஷ்டசாலி

வேன் ஓட்டி வந்தவர் பல்லேபொலைச் செல்வம். நல்ல மனுசன்தான், ஆனால் வண்டி ஓடினால் வாயும் ஓடும். நாலந்தையைத் தாண்டுமுன்பே இங்க்ரிட்டுக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டார். நீங்கள் பெரிய அதிர்ஷ்டசாலி, இங்கே இருந்திருந்தால் மிளகு பறித்துக்கொண்டு, அட்டைக்கடி வாங்கிக்கொண்டு கிடந்திருப்பீர்கள், நடந்ததெல்லாம் நன்மைக்கே என்று சொல்லச் சொல்கிறார். எனக்குக் கடுப்பு. ஆனாலும் என் வேலை அதுதானே, சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. உங்களை யார் வளர்த்தது என்று மட்டும் கேட்கச் சொன்னாள். அம்மாதான், வேறு யார் என்றார் செல்வம், கொஞ்சம் பெருமையாக. அம்மா என்ன பாட்டுப் பாடித் தூங்க வைப்பார்கள் என்று அடுத்த கேள்வி. மனுசன் அந்தப் பாட்டை இரண்டு அடி முனகிப் பார்த்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினார். மாத்தளை டவுனில் தேத்தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “அதிர்ஷ்டசாலின்னு சொன்னத திருப்பி எடுத்துக்கிறேன்னு சொல்லிருங்க மிஸ்.”

கோயில் கூரை

தோட்டத்து வாசலில் வேனை மறித்தார் அங்குள்ள தலைவர் ஒருவர். மாலை, குங்குமம், போன் தூக்கிப் படம் எடுக்க இரண்டு பேர். நாற்பது வருசமாக அந்தப் பொம்பளைக்காக ஒரு வார்த்தை பேசாத வாய், நம் மண்ணின் மகள் என்று பிரசங்கம் பண்ணுகிறது. அம்மா எங்கே என்று இங்க்ரிட் என்னைக் கேட்கிறாள். வழி விடுங்கள், பெற்றவள் காத்துக்கொண்டிருக்கிறாள் என்றேன். தலைவர் நகர்ந்தால்தானே. “அம்மாவ எப்ப வேணும்னாலும் பாக்கலாம் மிஸ், மொதல்ல கோயில் கூரையக் காட்டுங்க, ஒழுகுது.”

கன்னத்தில் கறுப்பு

பார்வதி அக்கா காம்பராவை மெழுகி, பாய் விரித்து, அயல் அட்டத்தில் இரவல் வாங்கின கோப்பைகளை வரிசையாக வைத்திருந்தார். லயத்துச் சனம் அவரவர் வாசலில் நின்று பார்த்ததே தவிர ஒரு கால்கூட நகரவில்லை. மகளைக் கண்டதும் அக்கா கட்டிப் பிடிக்கவில்லை. பாயில் உட்கார வைத்து, கை விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். காதை மடித்துப் பார்த்தார். பிறந்த அன்றைக்குச் சரியாகப் பார்க்க விடவில்லையாம். பிறகு விரலில் மையைத் தொட்டு மகள் கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டாக வைத்தார். பச்சைப்பிள்ளைக்குக் கண்ணூறு படாமல் வைப்பது. அழுக்கு ஒட்டிவிட்டது என்று நினைத்து இங்க்ரிட் ஈரக் கடதாசியால் துடைத்துவிட்டாள். அது என்ன பொட்டு என்று நான் விளக்கும்போது கன்னம் சுத்தமாகியிருந்தது, அக்கா மைச்சிமிழை மூடிவிட்டார்.

பிறகு இங்க்ரிட் கேட்டாள். அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும், வந்தால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. என்னை விற்றீர்களா? அவளை வளர்த்தவர்கள் காசு கட்டித்தான் எடுத்திருக்கிறார்கள், அந்தக் காசு தாய்க்குப் போனது என்று நம்பி வளர்ந்திருக்கிறாள். அங்கேயும் அதே பேச்சு, இங்கேயும் அதே பேச்சு. ஒரு பொம்பளையை எத்தனை தேசம் சேர்ந்து குற்றம் சாட்டும்! நான் அதைத் தமிழில் மாற்றாமல் கோப்பைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளை கேட்டதை அப்படியே சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அவர் எழுந்தார். பதிலை மகளைப் பார்த்துச் சொல்லவில்லை. வாசலுக்குப் போய் நிலையைப் பிடித்துக்கொண்டு, லயத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “நான் விக்கல. ஏமாத்தித் தூக்கிட்டுப் போனாங்க. இத்தன வருசத்துல யாரும் எங்கிட்ட கேக்கல, இன்னைக்கு என் பிள்ள கேட்டுச்சு, சொல்லிட்டேன்.”

பேபி சோப்

அதை இங்க்ரிட்டுக்கு ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். அவள் துடைத்த கன்னத்தைத் தாயிடம் காட்டினாள், இன்னொரு தரம் வைக்கச் சொல்லி. அக்கா அப்போதுதான் அழுதார். அந்த நேரம் பார்த்து வாசலை மறைத்துக்கொண்டு வந்து நின்றது யார் தெரியுமா? முத்துலட்சுமி. முந்தானைக்குள் ஒரு பேபி சோப். அவருக்குப் பின்னால் பவுடர் டப்பாக்களோடு முக்கால்வாசி லயம்.

மன்னிப்புக் கேட்கும் என்று பார்த்தேன். எங்கே! மூக்கு அப்படியே தாய் மூக்கு, நிறம்தான் கொஞ்சம் கூட என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு உள்ளே வருகிறது. சோப்பை அக்கா கையில் திணித்துவிட்டு, இங்க்ரிட்டின் கன்னத்தைத் தடவ இரண்டு கையையும் நீட்டுகிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் அக்கா குறுக்கே நின்றுவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சோப்பின் உறையைக் கிழித்து, சோப்பை முத்துலட்சுமி கையிலேயே திருப்பிக் கொடுத்து, வாசலில் இருந்த தண்ணீர் வாளியைக் காட்டினார். பிள்ளை பெற்ற எந்தத் தாயும் வருகிறவர்களிடம் சொல்வதைத்தான் சொன்னார்: “மொதல்ல கையக் கழுவு முத்து, கழுவிட்டு வந்து என் பிள்ளையத் தொடு.”

அந்தக் கிழவியும் அவர் பின்னால் லயமும் வாளியடியில் வரிசையாக நின்று கை கழுவினதையும், அர்த்தம் கேட்காமலே இங்க்ரிட் சிரித்ததையும் கண்ட பிறகு, மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத வசனமும் உலகத்தில் உண்டு என்பதை என் பிழைப்புக்கு விரோதமாக ஒத்துக்கொள்கிறேன்.