உதயா நிறுத்தாமல் ஓட்டிய புத்தகம்

உதயா நகரியில் பிறந்தவள், புத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு, டீச்சர் வேலைக்கான டி.எஸ்.சி. பரீட்சை இதோ வருகிறது, அதோ வருகிறது என்று நாலு வருஷம் காத்திருந்தாள். பரீட்சை அவளைவிடப் பொறுமைசாலியாக இருந்தது. அதனால் திருப்பதியில், பெல்ட்டும் பர்ஸும் விற்கும் கடைக்கு மேல்மாடியில், கணிதப் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் அச்சுக்கோக்கும் ஆபீசில் சேர்ந்தாள். சேர்ந்து பதினேழு வருஷம் ஆகிவிட்டது.

அங்கே ஓடுவது லேடெக் என்கிற மென்பொருள். பாடத்தை எழுதி, நடுநடுவே இங்கே பின்னம், இங்கே வர்க்கமூலம் என்று கட்டளைகள் கொடுத்தால், அது பக்கங்களாக்கித் தரும். புரியாத கட்டளை வந்தால் அப்படியே நின்றுவிடும். எத்தனையாவது வரி, எந்தச் சொல் என்று காட்டி, ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு, ஆள் வந்து பதில் சொல்லும்வரை காத்திருக்கும். நிற்க வேண்டாம் என்றால் அதற்கும் வழி உண்டு. பிழைகளைத் திரையில் காட்டிக்கொண்டே ஓடச் சொல்லலாம். திரையில் எதையும் காட்டாமல் வாயை மூடிக்கொண்டு ஓடு என்றும் சொல்லலாம். எப்படி ஓடினாலும், நடந்த பிழைகளையெல்லாம் ‘லாக்’ என்ற ஒரு ஃபைலில் அது எழுதி வைத்துவிடும். அந்த ஃபைலைத் திறந்து படிக்கும் பழக்கம் அந்த ஆபீசில் உதயா ஒருத்திக்குத்தான் இருந்தது. மற்ற மூன்று பேரும் நல்லபடியாக வளர்ந்த பிள்ளைகள், அடுத்தவர் எழுதியதைப் படிக்க மாட்டார்கள்.

முதலாளி சுரேஷ்பாபு சித்தூர்க்காரர். போன வருஷம் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் நடந்த ஏதோ ஒரு தரக் கருத்தரங்குக்குப் போனார். மதியச் சாப்பாடும் ஒரு தோல் பையும் ‘ஜீரோ டிஃபெக்ட்’ என்ற இரண்டு வார்த்தையும் கொடுத்து அனுப்பினார்கள். சாப்பாடு அன்றைக்கே ஜீரணமாகிவிட்டது. வார்த்தைகள் ஆகவில்லை. மறுநாள் காலையில் ஒவ்வொரு நாற்காலிக்கும் பின்னால் நின்று, திரை எத்தனை தடவை நிற்கிறது என்று எண்ணினார். நாற்பத்தொரு தடவை.

“நின்னா நஷ்டம். ஜப்பான்ல எங்கனா நிக்குதா?” என்று கேட்டார். ஜப்பானுக்குப் போனவர் யாரும் அங்கே இல்லை.

எந்தக் கட்டளையைப் போட்டால் மென்பொருள் வாயைத் திறக்காது என்பதைத் தேடிக் கண்டுபிடித்து, எல்லா ஃபைலின் தலையிலும் அதைப் போட வைத்தார். பக்கத்திலேயே ‘எடுக்கக் கூடாது — எஸ்.பி.’ என்று தன் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்தார். அன்று சாயங்காலமே அந்த ஆபீசில் பிழை ஒழிந்தது. இவ்வளவு சுலபமான காரியத்தை உலகம் ஏன் இத்தனை நாள் செய்யாமல் இருந்தது என்று அவருக்கே ஆச்சரியம்.

உதயா மட்டும் அந்த வரியை எடுத்துவிட்டு, பழையபடி நிறுத்தி நிறுத்தி வேலை செய்தாள். மாதக் கடைசியில், யார் திரை எத்தனை தடவை நின்றது என்ற பட்டியல் வந்தது. மற்றவர்களுக்குப் பூஜ்யம். உதயாவுக்கு அறுபத்தி மூன்று.

“ஏமி உதயாம்மா, உன் சிஸ்டம் ஒண்ணுதான் நின்னுக்கினே கீது. நீதான் சீனியரு!”

“தப்பு இருந்தா நிக்குது சார்.”

“மத்தவங்களுக்கு ஏன் நிக்கல?”

“அவங்களுக்கும் தப்பு இருக்குது சார். சொல்ல வேணாம்னு நாமதான சொல்லி வெச்சிருக்கோம்.”

இந்த மாதிரி மனப்பான்மைதான் நாட்டைக் கெடுக்கிறது என்று சுரேஷ்பாபு வருத்தப்பட்டார். விளக்கக் கடிதம் கேட்டார். உதயா எழுதிக் கொடுத்தாள். மறுநாளிலிருந்து அந்த வரியைத் தானும் போட்டுக்கொண்டாள். லாக் படிப்பதை மட்டும் விட முடியவில்லை.

அப்போது உதயாவிடம் வந்ததுதான் நாகபூஷணம் சாரின் புத்தகம். அவர் சித்தூரில் பத்தாம் வகுப்புக்குக் கோச்சிங் சென்டர் நடத்துபவர். கணிதப் பயிற்சிப் புத்தகம், இருநூறு பக்கம், இரண்டாயிரம் பிரதி. பக்க அமைப்பைப் புதிதாக மாற்றும்போது, வர்க்கமூலக் குறிக்கு ஆபீசில் வைத்திருந்த சுருக்கக் கட்டளைக்குப் பொருள் சொல்லும் ஒரு வரி விளக்கம் விடுபட்டுப்போனது. மென்பொருளுக்கு அந்தக் கட்டளை புரியவில்லை. நிற்கவும் அனுமதியில்லை, சொல்லவும் அனுமதியில்லை. குறியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் அச்சில் போட்டுக்கொண்டு போனது.

புத்தகம் அச்சகத்துக்குப் போன அன்று மத்தியானம் உதயா லாக்கைத் திறந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பிழைகள். ஃபைல் காலையிலேயே போய்விட்டது, அச்சை நிறுத்தச் சொல்ல முதலாளியால்தான் முடியும். எழுந்து போய் அவரிடம் சொன்னாள்.

சுரேஷ்பாபு போனிலிருந்து நிமிரவில்லை. “அது பேரே லாக்கும்மா. லாக் பண்ணி வெச்சத எதுக்குத் தொறக்கிற?”

அவள் இருக்கைக்குத் திரும்பினாள். சாயங்காலம் ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்துப் புத்தூர் போய்விட்டாள்.

ராத்திரி தட்டில் சோற்றை வைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னாள். கணவன் சந்திரன், தொழிற்சாலை ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய் வருபவன், கேட்டான்: “நீ சொன்னியா இல்லியா?”

“சொன்னேன்.”

“அப்புறம் இன்னா? துன்னு மொதல்ல.”

“ஒரு தபாதான் சொன்னேன்.”

இரண்டாம் தடவை சொல்லியிருந்தால் இன்னொரு விளக்கக் கடிதம், அவ்வளவுதான். அதற்குப் பயந்துதான் பஸ்ஸைப் பிடித்தோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சந்திரனிடம் அதைச் சொல்லவில்லை.

பதினைந்தாம் நாள் நாகபூஷணம் சார் புத்தகத்தோடு மாடியேறி வந்தார். கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பதினேழாம் பக்கத்தைத் திறந்து காட்டினார். 16 = 4 என்று இருந்தது. அடுத்த வரியில் 25 = 5.

“பசங்க கேட்டிருப்பாங்களே சார்?” என்றாள் உதயா.

“எங்க கேட்டாங்கம்மா? எங்க சென்டர் வாத்தியார் ரெண்டு நாள் நடத்தியே முடிச்சுட்டான். இது புது ஷார்ட்கட், அப்படியே மனப்பாடம் பண்ணுங்கன்னு. பசங்களும் பண்ணிட்டாங்க. காணிப்பாக்கத்துல தேங்கா விக்கிற அம்மா ஒண்ணு, வெங்கடம்மான்னு பேரு, மவன் நோட்டைப் பார்த்துட்டு வந்து கேட்டுது: ‘சார், பதினாறு தேங்காயும் நாலு தேங்காயும் ஒண்ணுன்னு இங்க யாரு சொன்னது? எனக்கு அவர் அட்ரஸ் வேணும்.’”

சுரேஷ்பாபு கொஞ்சமும் தயங்கவில்லை. “உதயாம்மா பண்ண ஒர்க் சார். நான் எத்தினி வாட்டி சொல்லிக்கினே இருந்தேன் இவங்களுக்கு!”

உதயா லாக்கைத் திறந்து வைத்தாள். தேதி, நேரம், வரி எண், புரியாத கட்டளை என்று முந்நூற்றுப் பன்னிரண்டும் வரிசையாக இருந்தன. அடுத்து, புத்தக ஃபைலின் முதல் வரியைக் காட்டினாள். நாகபூஷணம் சார் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். “எடுக்கக் கூடாது, எஸ்.பி.” பிறகு கேட்டார், “யாரு இந்த எஸ்.பி.? போலீஸ்காரரா?”

சுரேஷ்பாபுவுக்கு அந்த நேரம் பார்த்து ஒரு அவசர போன் வந்தது. மணி அடிக்காமலே வந்தது. வெளியே போய்ப் பேசினார்.

“எனக்கும் தெரியும் சார்,” என்றாள் உதயா. “அச்சுக்குப் போற அன்னிக்கே பார்த்தேன். சண்ட போட்டு நிறுத்தியிருக்கணும். நிறுத்தல.”

நாகபூஷணம் சார் புத்தகத்தை மூடினார். “சரி பண்ண எத்தினி நாள் ஆவும்?”

அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டினாள். முதல் வர்க்கமூலத்திலேயே நின்றது. விடுபட்ட ஒரு வரி விளக்கத்தைத் தலையில் சேர்த்தாள். மறுபடி ஓட்டினாள். முந்நூற்றுப் பன்னிரண்டில் முந்நூற்றேழு காணாமல் போயின. மிச்சம் ஐந்தையும் ஒவ்வொன்றாக நின்று பார்த்துத் திருத்தினாள். மொத்தம் இருபது நிமிஷம். அதற்குள் சார் காப்பிகூடக் குடித்து முடிக்கவில்லை.

ஆபீஸ் தன் செலவில் மறுபடி அச்சடித்துக் கொடுத்தது. சுரேஷ்பாபு உதயாவைத் ‘தர ஆலோசகர்’ ஆக்கினார். சம்பளம் மாறவில்லை, நாற்காலியும் மாறவில்லை. அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: எந்த ஃபைலிலும் அந்த வரி இருக்கக் கூடாது. ஒத்துக்கொண்டார். போன மாதம் ஒரு கல்லூரி நிகழ்ச்சியில், ‘பிழைகளைக் கண்டு அஞ்சாதீர்கள்’ என்று அரை மணி நேரம் பேசியிருக்கிறாராம்.

நாகபூஷணம் சார் இப்போது புதுப் புத்தகம் என்றால் சித்தூரிலிருந்து நேரே வந்து, உதயா பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்கிறார். போன வாரம் ஐம்பது பக்கம் நிற்காமல் ஓடியது. அவருக்கு வேர்த்துவிட்டது.

“ஏம்மா, நிக்கவே மாட்டேங்குது?”

“தப்பு இல்ல சார். அதான் நிக்கல.”

“இருந்தாலும் ஒரு தபா நிறுத்திக் காட்டும்மா.”

உதயா ஒரு கட்டளையில் வேண்டுமென்றே ஓர் எழுத்தை விட்டுவிட்டு ஓட்டினாள். திரை நின்று, கேள்விக்குறியைப் போட்டது. நாகபூஷணம் சார் நிம்மதியாக மூச்சு விட்டு, எழுந்து டீ குடிக்கப் போனார்.