குளத்துக்கரையில் ஒளித்து வைத்த டப்பா

அந்த வீடியோ எனக்கு முதலில் வந்தது எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில். அனுப்பியவர் சிரிப்புப் பொம்மை இரண்டைப் போட்டு, "டீச்சர், இது நீங்களா?" என்று கேட்டிருந்தார். நானேதான். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, ஒரு கல்லுக்கு அடியில் கையை விட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் தங்கை. "குளத்துக்கரையில் செய்வினை வைக்க வந்த பெண்கள், மடக்கிப் பிடித்த ஊர்மக்கள்" என்று மேலே எழுதியிருந்தது.

நான் சங்கரன்கோவிலில் கணக்கு டீச்சர். பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் இதே ஊரில்தான். தங்கைக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. போன மே மாதம் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கூடவே தன் கியர் சைக்கிளையும் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தாள். என் மகன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து அவனுடைய சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே சும்மா கிடந்தது. டயர் மாற்றி, எண்ணெய் விட்டு, அதை நான் எடுத்துக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் சைக்கிள் மிதித்ததே கிடையாது. முதல் நாள் ரயில்வே கேட் வரைக்கும் போய்த் திரும்புவதற்குள் தொடை இரண்டும் கல்லாகிவிட்டது. மறுநாளும் போனேன்.

அந்த விளையாட்டைக் கொண்டுவந்தவள் தங்கைதான். ஜியோகேச்சிங் என்று பெயர். யாராவது ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்காவது ஒளித்து வைத்துவிட்டு, இடத்தை ஒரு ஆப்பில் குறித்து வைப்பார். மற்றவர்கள் வரைபடத்தைப் பார்த்துத் தேடிப் போக வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் சீட்டில் பெயரை எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். பரிசு ஒன்றும் கிடையாது.

"இதுல என்னடி இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லக்கா. அதான் நல்லாருக்கு," என்றாள்.

எங்கள் பக்கத்தில் அந்த வரைபடம் ஏறக்குறைய காலி. புளியங்குடி ரோட்டில் ஒன்றே ஒன்று இருந்தது. விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். எதிரே மலை நீலமாகத் தெரிய, ரோட்டின் இரண்டு பக்கமும் புளியமரங்கள். ஓடைப்பாலம் ஒன்றின் கைப்பிடிச் சுவருக்குக் கீழே, செங்கல் பெயர்ந்த பொந்தில் மாத்திரை டப்பா ஒன்று இருந்தது. யார் வைத்ததோ தெரியாது. சீட்டில் எங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதும்போது எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! நாற்பத்திரண்டு வயதில், ஒரு வேலையும் இல்லாத இடத்தில், யாருக்கும் சமைக்காமல், யாரையும் கூட்டிவரப் போகாமல் நின்றுகொண்டிருந்தேன். அப்படியே புளியங்குடிக்குப் போய், எலுமிச்சை மூடைகள் இறங்கும் வாசனைக்கு நடுவில் ஆளுக்கு இரண்டு கிளாஸ் சர்பத் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

பிறகு நாங்களே ஒளித்து வைக்க ஆரம்பித்தோம். திருவேங்கடம் போகிற ரோட்டை விட்டு உள்ளே போனால் ஒரு ஊர்க் குளம். கோடையில் தண்ணீர் வற்றி, கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரையில் ஒற்றை வேப்பமரம், அதன் அடியில் பழைய மதகின் கற்கள். அந்தக் கற்களுக்கு இடையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்தோம். உள்ளே பொம்மை யானை, கோலிக்குண்டு, சிவப்புக் கண்ணாடி வளையல் ஒன்று, பெயர் எழுத ஒரு சீட்டு. மறு வாரமே யாரோ வழிப்போக்கர்கள் மூன்று பேர் அதைக் கண்டுபிடித்ததாக ஆப்பில் எழுதியிருந்தார்கள். தங்கை குதித்தாள். அந்த சீட்டைப் பார்க்கத்தான் அன்று காலையில் போனோம்.

டப்பாவை எடுக்கக் கல்லுக்கு அடியில் கையை விட்டிருந்தேன். பின்னால் பைக் நிற்கும் சத்தம் கேட்டது. வெள்ளைச் சட்டை, நாற்பது நாற்பத்தைந்து வயது ஆள். இறங்குவதற்கு முன்பே போனைத் தூக்கிப் பிடித்துவிட்டார்.

"ஏம்மா, இங்கன என்னத்தத் தேடுதீய?"

தங்கை சிரித்துக்கொண்டே, "இது ஒரு விளையாட்டு அண்ணாச்சி," என்று ஆரம்பித்து ஆப்பைக் காட்டப் போனாள். அவர் அதைப் பார்க்கவே இல்லை. அவர் பார்த்ததெல்லாம் தன் போனில் எங்கள் முகம் சரியாக விழுகிறதா என்பதைத்தான்.

"முதல்ல போனைக் கீழ இறக்குங்க. யாரைக் கேட்டு எடுக்கீங்க?" என்றேன்.

"எங்க ஊரு குளத்துல நின்னுக்கிட்டு எங்ககிட்டயே கேக்கீயளோ? யாரு வீட்டுப் பொம்பளைய நீங்க? வீட்டு ஆம்பளைக்குத் தெரியுமா?"

அடுத்தடுத்து நான்கைந்து பைக்குகள் வந்து நின்றன. ஒருவர் என் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கித் திறந்து தரையில் கொட்டினார். வளையல் கல்லில் பட்டு உடைந்தது. "வளையலு, பொம்மை, சீட்டு... செய்வினையேதாம்ல!" என்றார். இன்னொருவர் சீட்டை எடுத்து, அதிலிருந்த மூன்று பெயர்களையும் எழுத்துக்கூட்டி வாசித்து, "யார் பேருக்கு வச்சிருக்காவன்னு பாருங்க," என்று எல்லோருக்கும் காட்டினார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார். அவர் மகள் என் வகுப்பில் படிக்கிறாள். பெற்றோர் கூட்டத்தில் என் எதிரே உட்கார்ந்து, "எம்புள்ளய நல்லாப் பாத்துக்கோங்க டீச்சர்," என்று சொன்ன மனிதர். அவரை நேராகப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு குளத்தில் என்னமோ நடப்பது போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் டீச்சர் என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. கடைசியில் என் கணவருக்குப் போன் போடச் சொன்னார்கள். ஸ்பீக்கரில் போடச் சொன்னார்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் வெள்ளைச் சட்டை போனை வாங்கி, "உங்க வீட்டுப் பொம்பளையளா இது?" என்று கேட்டது. என் கணவரின் குரல் அந்தக் கூட்டம் முழுக்கக் கேட்டது.

"ஆமா அண்ணாச்சி, எங்க வீட்டு ஆளுங்கதான். தெரியாம வந்துட்டாங்க. மன்னிச்சுக்கோங்க. இனிமே வரமாட்டாங்க."

அதற்குப் பிறகுதான் விட்டார்கள். நான் படித்துப் படித்துச் சொன்னபோது காதில் ஏறாதது, அவர் வாயிலிருந்து வந்ததும் சட்டென்று ஏறிவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினோம். வெயில் ஏறி தார் உருகிக்கொண்டிருந்தது. தங்கை எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அடிக்கடி புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் சண்டை. "நான் என்ன தப்புப் பண்ணேன்னு நீங்க மன்னிப்புக் கேட்டீங்க?" என்றேன்.

"உங்களை அங்கேருந்து பத்திரமா வெளிய கொண்டுவரணும்ல? கூட்டம் கூடிட்டா என்ன வேணாலும் நடக்கும். அப்போ போய் நியாயம் பேசச் சொல்லுதியா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் என்னை இன்னும் எரிய வைத்தது. மறுநாள் வீடியோ வந்தது. தங்கை விளக்கிச் சொன்ன பகுதி அதில் இல்லை. நான் போனை இறக்கச் சொன்ன பகுதியும் இல்லை. கல்லுக்கடியில் கையும், உடைந்த வளையலும், பின்னால் யாருடையதோ ஒரு குரலும்தான் இருந்தன. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை போன் செய்தார். "உங்களைத் தெரியாதா எனக்கு? ஆனாலும் அங்க ஏன் போனீங்க டீச்சர்?" என்றார். கணவரின் அண்ணன் கேட்டார், எதிர்வீட்டுக்காரர் கேட்டார், காய்கறிக் கடையில் கேட்டார்கள். எல்லோரும் ஏன் போனாய் என்றுதான் கேட்டார்கள். அந்த ஆள் ஏன் படம் எடுத்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அனுமதி முடிய நாள் இருக்கும்போதே தங்கை டிக்கெட் போட்டாள். அவளுடைய ஆபீஸ்காரர் ஒருவருக்குக்கூட அந்த வீடியோ போயிருந்தது. பஸ் ஏற்றிவிடப் போனபோது, "அடுத்த மே மாசம் நம்ம ஊருல," என்று நான் ஆரம்பித்தேன்.

"நம்ம ஊருன்னு சொல்லாதக்கா," என்றாள். சைக்கிளையும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

அன்று மாலை, குளத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்ட என் மாணவியின் அப்பாவுக்குப் போன் செய்தேன். படம் எடுத்த ஆள் யார் என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு, "மெயின் ரோட்டுல சிமெண்ட் கடை வச்சிருக்காரு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லீராதீங்க டீச்சர்," என்றார்.

"அன்னைக்கு ஏன் வாயத் திறக்கல?"

"அவ்வளவு பேரும் நம்ம ஆளுங்க டீச்சர். நாளைக்கு அவங்க முகத்துல முழிக்கணும்லா?"

"என் முகத்துல முழிக்க வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தேன். அவர் மகளுக்கு இன்றைக்கும் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அந்தப் பிள்ளை ஒரு பாவமும் அறியாது.

மறுநாள் காலையில் தங்கையின் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன், கேட்டுக்கொண்டு போகவில்லை. கடை வாசலில் சிமெண்ட் மூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் கல்லாவில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். நான் யார் என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தார்.

"வாங்க டீச்சரம்மா, உக்காருங்க. ஏய், ஒரு கலர் சோடா வாங்கிட்டு வா. அன்னைக்கு நீங்க டீச்சர்னு தெரியாமப் போச்சு, பாத்துக்கோங்க."

"தெரிஞ்சா எடுத்திருக்க மாட்டீங்களா?"

"சேச்சே! டீச்சரப் போயி..."

"அப்போ டீச்சரா இல்லாத பொம்பளைன்னா எடுக்கலாம்?"

என் போனை எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். சட்டென்று கையால் மறைத்தார். "இது என்ன பழக்கம்மா? கேக்காம எடுக்கீய?" என்றார். அதைச் சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். மூடை இறக்கியவர்களில் ஒருவர் இருமுவது போலச் சிரித்தார்.

போனைப் பைக்குள் வைத்தேன். "எங்க படத்த நீங்க எதுல எல்லாம் போட்டீங்களோ, அதுல எல்லாம் நடந்தது இதுதான்னு நீங்களே உங்க வாயால பேசிப் போடணும். போடுற வரைக்கும் நான் இங்கனதான் உக்காந்திருப்பேன்," என்று சிமெண்ட் மூடை மேல் உட்கார்ந்தேன்.

"விடுங்க டீச்சர், பெரிய மனுசன்," என்றார் கடைக்கு வந்த ஒருவர். "பொம்பளைக்கு இவ்வளவு கோவம் ஆகாது," என்றார் இன்னொருவர். நான் எழுந்திருக்கவில்லை. ஆட்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். என் சேலை முழுக்கச் சிமெண்ட் தூசி. தொண்டை வறண்டு கிடந்தது. வாங்கி வைத்த கலரை நான் தொடவில்லை. வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு அவர் போனைத் தூக்கித் தன் பக்கம் திருப்பினார். "அன்னைக்குக் குளத்துல பாத்தது நம்ம டீச்சரம்மாவும் அவங்க தங்கச்சியும்தான். அது ஏதோ சைக்கிள் விளையாட்டாம். தப்பா நினைக்க வேண்டாம்," என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தை அதில் இல்லை. என் கண்ணெதிரிலேயே குழுக்களுக்கு அனுப்பினார், எனக்கும் ஒன்று அனுப்ப வைத்தேன்.

அந்த வீடியோவை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. எங்கள் ஆசிரியர் குழுவுக்கு அது வரவே இல்லை. நானே போட்டேன். இரண்டு பேர் கும்பிடு பொம்மை போட்டார்கள். முதல் வீடியோ இன்னமும் எங்கேயோ சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. தங்கைக்கும் அனுப்பினேன். பார்த்துவிட்டு, "நீ தனியாவா போன?" என்று மட்டும் கேட்டாள்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு, எங்கள் விளையாட்டு டீச்சர் தானும் சைக்கிளில் வருவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் போகிறோம். போன வாரம் இளையரசனேந்தல் ரோட்டில் போனோம். காற்று முகத்திலடிக்க, கரிசலில் புழுதி கிளம்பிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த பைக் ஒன்று எங்கள் வேகத்துக்குக் குறைந்து, பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தது.

"எங்க போறீய?" என்றான் அந்த ஆள்.

விளையாட்டு டீச்சர் என்னைப் பார்த்தார். நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். கூடவே வந்தான். மறுபடியும் கேட்டான். நான் சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றி நின்று, அவன் முகத்தையே பார்த்தேன். அவன் கொஞ்ச தூரம் போய், ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வேகமெடுத்துப் போனான்.

"தெரிஞ்ச ஆளா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றேன். தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடியும் ஏறி மிதிக்க ஆரம்பித்தோம்.