வேனில் எனக்கு இடமில்லை

கண்டிக்குப் போகும் வழியில், கடுகண்ணாவ மலையேற்றத்தில் எங்கள் வேன் மூச்சு வாங்குகிறது. நான் சீட்டில் இல்லை; என் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். சென்னையிலிருந்து முதல்முறையாக வருகிறேன் என்று, கண்டி மஹய்யாவையில் இருக்கும் சித்தி வீட்டாரும் பக்கத்து வீட்டாருமாக வேன் நிறைய ஆட்கள் ஏர்போர்ட்டுக்கு வந்துவிட்டார்கள். யாரை அழைத்துப்போக வந்தார்களோ அவனுக்கும் ஒரு சீட் வேண்டுமே என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. வளைவுக்கு வளைவு யார் மடியிலாவது போய் விழுகிறேன். விழுந்த இடத்திலேயே அவர் எனக்கு என்ன முறை என்றும் தெரிந்துகொள்கிறேன்.

ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்துகிறோம். பால் கலக்காமல் இஞ்சி போட்ட பிளேன்டீயை என்னிடம் நீட்டியபடி சித்தி கேட்கிறார்: "பிளேன்ல எவ்வளவு நேரம்பா?"

"ஒன்றரை மணி நேரம்கூட ஆகல சித்தி."

"அவ்வளவுதானா! நாங்க விடியறதுக்கு முன்னுக்கே கெளம்பினோம். உன்னையவிட நாங்கதான் தூரப் பயணம் வந்திருக்கோம்!"

கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரிக்கிறோம்.

சித்தி தொடர்கிறார்: "நீ திரும்பிப் போறப்போ பன்விலயில இருக்கிற மாமா குடும்பமும் ஏத்திவிட வர்றாங்களாம்."

"அப்போ நான் எங்க உக்கார்றது?"

"ஒனக்கென்ன, ஏர்போர்ட்லேருந்து பறந்து போயிருவ. திரும்பி வர்ற எங்களுக்குத்தானே சீட் வேணும்!"