பலகைமேல் விழுந்த நிழல்

1. குடவாசலில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் துபாயிலிருந்து வந்து, மானியத்தில் மாடியில் சோலார் பலகை போட்டார்.
2. எங்கள் புங்கமரத்தின் நிழல் அதன்மேல் விழுந்தது.
3. மரத்தை வெட்டச் சொன்னார்.

எங்கள் தகரக் கூரைக்கு அந்த நிழல்தான் குளிர்ச்சி. சோலாருக்கு நாங்களும் மனு கொடுத்திருந்தோம். கோயில் மனை, பட்டா இல்லை என்று திருப்பிவிட்டார்கள். மின்னியல் டிப்ளமோ முடித்திருந்த நான், மேற்குக் கிளையை மட்டும் கழித்தால் போதும் என்று படம் போட்டுக் காட்டினேன். அவர் அதைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார்: "இடமே உங்களுது இல்ல. மரம் மட்டும் எப்படிங்க உங்களுதாகும்?"

கோயில் ஆபீஸில் அனுமதி வாங்கி வெட்டினார். விறகை எங்கள் வாசலில் போடச் சொன்னார். "அடுப்புக்கு ஆகும்ல, வச்சுக்கங்க."

இப்போது அவர் துபாயில் இருக்கிறார். பூட்டிய வீட்டின்மேல் பலகைகள் மின்சாரம் தயாரிக்கின்றன. அம்மா பகலில் வீட்டுக்குள் இருக்க முடியாமல் கோயில் மண்டபத்தில் படுக்கிறார்.